மேஜர் பதினொரு தடவை விழுந்தது

நேசபாய் எனக்கு அடுத்த வீட்டுக்காரர். வயது அறுபத்து நான்கு. இரணியல் ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் ஏழு நிமிடத்தில் எங்கள் தெரு வரும். இருபத்தொன்பது ஆண்டுகள் அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டை உடைத்தவர். கொட்டையின் எண்ணெய் பட்டுக் கறுத்த விரல் நுனிகள் இன்னும் வெளுக்கவில்லை. கணவர் யேசுதாசன் இறந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகன் விபின் ஷார்ஜாவில் இருக்கிறான். அவன் போகுமுன் வாங்கி வந்து விட்டுப் போன நாய்தான் மேஜர்.

பெயரைக் கேட்டு யாரும் ஏமாற வேண்டாம். மேஜரின் எடை மூன்று கிலோ இருநூறு கிராம். மளிகைக்கடைத் தராசில் வைத்து நிறுத்தவன் நானே. ஏதோ வெளிநாட்டுக் குட்டைச் சாதி என்று விற்றவன் சொன்னானாம். அதை நான் உறுதி செய்யவில்லை.

நான் ரயில்வேயில் முப்பத்தாறு ஆண்டுகள் வண்டிகள் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் பதிவேட்டில் எழுதினேன். ஓய்வு பெற்ற பிறகு மழையளவு, கிணற்று நீர்மட்டம், என் சர்க்கரை அளவு இவற்றை எழுதி வருகிறேன். அந்தப் பழக்கத்தில்தான் மேஜருக்கும் ஒரு நோட்டு தொடங்கியது.

2024 மார்ச் 11, பிற்பகல் 3.40. மதிலுக்கு அப்புறமிருந்து நேசபாய் அலறினார்.

"சாரே, ஓடி வாருங்கோ! மேஜரு சாவுது!"

துணி துவைக்கும் கல்லருகே மேஜர் பக்கவாட்டில் கிடந்தது. பின்கால்கள் இழுத்தன. தலை ஆடியது. கண் திறந்திருந்தும் யாரையும் அடையாளம் தெரியவில்லை. வாயில் நுரை. நேசபாய் அதை மடியில் போட்டுக்கொண்டு, பால் விடாத கட்டன் சாயாவில் ரஸ்க்கை நனைத்து ஊட்டினார். பன்னிரண்டு நிமிடத்தில் எழுந்தது. அரைமணி நேரத்தில் மீன்காரியைப் பார்த்துக் குரைத்தது.

ஏப்ரலில் இரண்டு முறை. மே மாதம் இல்லை. ஜூனில் ஒன்று. நோட்டில் எட்டுக் கட்டங்கள் போட்டேன். தேதி, தொடங்கிய நேரம், முடிந்த நேரம், வெயில் அளவு, இடம், உணவு, மலம், கொடுத்த மருந்து. ஒவ்வொரு முறையும் நேசபாயிடம் கேட்டே எழுதுவேன்.

"சோறு?"

"வச்சேன் சாரே."

உணவுக் கட்டத்தில் "வழக்கம்போல்" என்று எழுதுவேன்.

முதல் மருத்துவர் புழு என்றார். பூச்சி மருந்து கொடுத்தோம். எட்டாம் நாள் மேஜர் மறுபடி விழுந்தது. இரண்டாமவர் காதில் சீழ் இருக்கலாம் என்றார். சீழ் இல்லை. சுண்ணாம்புச்சத்து குறைவாக இருக்கலாம் என்று அவரே ஒரு பாட்டில் கொடுத்தார். அதையும் குடித்துவிட்டு மேஜர் விழுந்தது. எங்கள் கஷ்டம் என்னவென்றால், ஆட்டோ பிடித்து, ஆட்டோவில் ஆடி அசைந்து, வரிசையில் உட்கார்ந்து உள்ளே போகும்போது மேஜர் வாலை ஆட்டிக்கொண்டு மேசைமேல் நிற்கும்.

"இதுக்கா சீக்கு? எனக்கில்லா சீக்கு இருக்கது போல இருக்கு" என்றார் மருந்து கட்டுகிறவர்.

நேசபாய் விடவில்லை. "கொஞ்சம் முன்ன பாத்திருந்தா நீரு சவப்பெட்டிக்கு ஆளு விட்டிருப்பீரு" என்றார்.

இரத்தப் பரிசோதனையும் செய்தோம். சர்க்கரை 112. நன்றாக இருக்கிறது என்றார்கள். வீட்டுக்கு வந்து நோட்டில் "சர்க்கரைக் கோளாறு இல்லை" என்று சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டேன். நாய் விழுவதை வீடியோ எடுத்து வரச் சொன்னார்கள். எடுத்தேன். நாற்பது விநாடியும் என் கட்டைவிரல்தான் இருந்தது.

மூன்றாமவரிடம் நோட்டையே கொண்டு போனேன். அட்டையைப் பார்த்துவிட்டு, "சார் ரிட்டயர்டா?" என்று கேட்டார். ஒரு பக்கம்கூடத் திருப்பவில்லை. வலிப்பு நோய், ஆயுள் முழுக்கத் தினமும் இரண்டு வேளை மாத்திரை என்றார். மாத்திரை தின்ற மேஜர் பகலெல்லாம் உறங்கியது. விழித்தால் சுவரில் முட்டியது. அப்படியும் செப்டம்பர் 19 அன்று, மருந்துண்ட நிலையிலேயே விழுந்தது. எனக்கு அன்று வந்த ஆத்திரம் பணியிலிருந்த காலத்தில்கூட வந்ததில்லை. ஒரு வண்டி தாமதமானால் அதற்குக் காரணம் இருக்கும். அதை எழுதாமல் பதிவேட்டை மூட முடியாது. இங்கே பத்துத் தடவையும் காரணம் இல்லாமலே மூடிவிட்டேன்.

அக்டோபரில் விபினின் மனைவி ஷைஜா தாய்வீட்டிலிருந்து பேசினாள். பிரசவம் கழிந்து டிசம்பர் முதல் தேதி குழந்தையுடன் இங்கே வர இருந்தாள். நேசபாய் போனை ஒலிபெருக்கியில்தான் போடுவார், எனக்கும் கேட்டது.

"மாமி, வலிப்பு உள்ள பட்டி கெடக்கிற வீட்டுல பிள்ளைய நான் எப்பிடிக் கெடத்துவேன்? கடிச்சு வச்சா? ஆரல்வாய்மொழியில அண்ணனுக்க கோழிப்பண்ணையில கெட்டிப் போடுவோம். நான் வாறதுக்குள்ள அனுப்பிரணும்."

"அங்க கரண்டு எடுக்கித காத்தாடி சுத்துத காத்துல இது பறந்தில்லா போவும் மக்கா" என்று நேசபாய் சிரித்தார். போனை வைத்த பிறகு சிரிப்பு இல்லை. "சாரே, டிசம்பருக்குள்ள இதுக்க தீனம் என்னன்னு கண்டுபிடியுங்கோ. இது போனா இந்த வீட்டுல எனக்குப் பேச்சுக்கு ஆளில்ல" என்றார்.

ஆகவே நவம்பர் முதல் தேதியிலிருந்து, கேட்டு எழுதுவதை விட்டுவிட்டு நானே போய்ப் பார்க்கத் தொடங்கினேன். தினமும் காலை எட்டு, பகல் ஒன்று, மாலை ஐந்து.

நவம்பர் 14, பகல் 1.05. மேஜரின் தட்டில் ஒரு கோழி சோறு கொத்திக்கொண்டிருந்தது. காலையில் வைத்த சோறு; காய்ந்து கட்டியாகியிருந்தது. மேஜர் நேசபாயின் காலடியில் படுத்து அவர் முகத்தையே பார்த்தது.

"கோழி தின்னுதே?"

"தின்னட்டு சாரே. இது தின்னல்ல."

"ஏன் தின்னல்ல?"

"நான் வாயில வச்ச பெறவாக்கும் இது தின்னும். சின்னதுல இருந்தே அப்பிடித்தான். முதல் உருண்டை எனக்கு, ரெண்டாவது இதுக்கு."

"அப்பம் நீங்க ஏன் தின்னல்ல?"

நேசபாய் கோழியை விரட்டினார். அவர் தலையில் எண்ணெய் வைத்து வாரி, முகம் கழுவி, கோயிலுக்குப் போகிறவர்போல இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

மேஜர் எழுந்தது. இரண்டடி வைத்தது. பின்கால்கள் மடங்கின.

மதிலைச் சுற்றி ஓடிப்போய் என் மேசை இழுப்பறையிலிருந்த சர்க்கரை பார்க்கும் கருவியை எடுத்து வந்தேன். காதோரத்தில் குத்தி ஒரு துளி எடுத்தேன். 34. நான் எதையும் இரண்டு முறை அளப்பவன். இரண்டாம் அளவு 36. சர்க்கரைக் கரைசலை விரலில் தொட்டு ஈறில் தடவினோம். பதினெட்டு நிமிடம் கழித்து 97. மேஜர் என் விரலையே கடித்தது.

நோட்டின் கடைசிக் கட்டத்தைத் திரும்பப் படித்தேன். பத்துத் தடவையும் கொடுத்த மருந்து: இனிப்புச் சாயா, ரஸ்க். பரிசோதனைக்குப் போகும்முன்னும் சாயா, ரஸ்க். 112 வராமல் என்ன செய்யும்? மார்ச் மாதத்திலிருந்து என் கையெழுத்திலேயே விடை இருந்தது. நானோ அதன்மேல் சிவப்பு மையில் கோடு போட்டிருந்தேன்.

உபவாசிக்கும்போது தலைக்கு எண்ணெய் வைத்து முகம் கழுவு என்கிற வேத வசனம் நினைவுக்கு வந்தது. "எத்தன நாள் உபவாசம்?" என்று கேட்டேன். நான் கத்தோலிக்கன். எங்கள் நோன்பு நாட்கள் காலண்டரில் அச்சாகியிருக்கும், ஊருக்கே தெரியும். நேசபாயின் சபையில் அப்படியில்லை.

"அது எனக்கும் கர்த்தருக்கும் உள்ளது சாரே. வெளிய பறஞ்சா பின்ன அது உபவாசமா?"

"எட்டு மாசம் என்னைக் கள்ளம் எழுத வச்சீங்களே!"

"நான் எங்க கள்ளம் பறஞ்சேன்? சோறு வச்சேன்னுதானே பறஞ்சேன்."

 நோட்டைத் திறந்து தேதிகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மார்ச் 11."

"விபினுக்க கம்பெனி பூட்டிட்டாவன்னு தலேநாளு போன் வந்தது."

"ஏப்ரல் 3."

"பாஸ்போர்ட்ட பிடிச்சு வச்சது."

"ஜூன் 22."

"தங்குன அறையில இருந்து எறக்கி விட்டது."

பதினொரு தேதிக்கும் பதில் இருந்தது. கெட்ட செய்தி வந்த மறுநாள் அவர் சூரியன் இறங்கும்வரை பச்சைத்தண்ணீரும் குடிப்பதில்லை. மேஜர் விழும்போது சாயா போட்டு அதற்கு மட்டும் ஊட்டியிருக்கிறார்.

மறுநாள் மூன்றாம் மருத்துவரிடம் போனோம். இந்த முறை நோட்டின் பக்கங்களைத் திருப்பினார். இவ்வளவு சிறிய உடம்பு பட்டினி தாங்காது என்றார். மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார். ஈரலையும் பார்த்துவிட வேண்டும், இது ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார். எட்டு மாதத்தில் ஒரு மருத்துவர் தெரியாததைத் தெரியாது என்று சொன்னது அதுவே முதல் தடவை.

டிசம்பர் 1 அன்று ஷைஜா குழந்தையுடன் வந்து வாசலிலேயே நின்றாள். "பட்டி இன்னும் போவலியா?"

வலிப்பு இல்லை, பட்டினிதான் என்று நேசபாய் சொன்னார். பட்டினி எதற்கு என்று அவள் கேட்டாள். அதைச் சொல்ல வேண்டுமென்றால் விபினின் கதையைச் சொல்ல வேண்டும். அவள் மாசமாக இருக்கிறாளே என்று தாயும் மகனும் பேசி வைத்து மறைத்திருந்தார்கள். நேசபாய் மேஜரை ஒரு தடவை பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

"எனக்க மாப்பிளைக்க காரியம் பட்டிக்கித் தெரியும், அடுத்த வீட்டு சாருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது, என்னா?" ஷைஜா கத்தினாள். குழந்தையும் கத்தியது. நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். மாலை ஐந்து மணிக்குப் பார்த்தபோது மேஜர் அவள் காலடியில் படுத்திருந்தது. அவள் அதை விரட்டவில்லை. ஆரல்வாய்மொழிக்கு யாரும் போன் செய்யவும் இல்லை.

டிசம்பர் 9. முந்தின நாள் விபின் பேசியிருந்தான். பாஸ்போர்ட் கைக்கு வந்து ஊர் திரும்ப இன்னும் மூன்று மாதம் ஆகுமாம். நேசபாய் தலைக்கு எண்ணெய் வைத்திருந்தார். மேஜருக்கு 8.10க்கு நான் ஊட்டிப் பார்த்தேன். முகத்தைத் திருப்பியது. 9.00க்கு ஷைஜா சாளை மீனோடு பிசைந்து கொடுத்தாள். திருப்பியது. நேசபாய் வெறும் வாயை மென்று காட்டினார். மேஜர் அவர் உதட்டை முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொண்டது.

10.20க்கு அவர் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். ஒரு உருண்டை எடுத்துத் தம் வாயில் வைத்து விழுங்கினார். இரண்டாவதை மேஜருக்குப் போட்டார்.

"எழுதுங்கோ சாரே."

"இது வேண்டாம். நாயுக்க காரியம் மட்டும் எழுதுதேன்."

"இல்ல, நான் தின்னதையும் எழுதணும். இனிமே அந்த நோட்டுல கொறச்சு வைக்கப்பிடாது."

எழுதினேன். "மு.ப. 10.20. நேசபாய் ஒரு வாய். மேஜர் முழுவதும். பகல் ஒன்றுக்குச் சர்க்கரை 88. விழவில்லை." விபின் ஊர் வந்து சேரும் தேதிக்கும் ஒரு கட்டம் இப்போது நோட்டில் உண்டு. அது இன்னும் காலியாகவே இருக்கிறது.