மண் சரியும் பாதையில் திருநீறு

“சாமி இல்லைன்னா எதுக்கும்மா பூசுனீங்க?” என்று என் ஆறு வயது மகள் கேட்கிறாள்.

இலங்கை மலையகத்தில், பெரகலயிலிருந்து கொஸ்லந்தைக்கு பஸ்ஸில் போகிறோம். மழை விடவில்லை. மண் சரியும் இடத்துக்கு முன்னால், வளைவிலுள்ள சின்னக் கோயிலருகே டிரைவர் பஸ்ஸை நிறுத்திக் கற்பூரம் கொளுத்துகிறார். கண்டக்டர் திருநீற்றுத் தட்டோடு ஒவ்வொரு சீட்டாக வருகிறார். சாமி இல்லையென்று சொல்லி, பிள்ளையைக் கடவுள் பயமில்லாமல் வளர்ப்பதென்று நானும் கணவரும் முடிவெடுத்திருக்கிறோம். வேண்டாமென்று தலையசைக்கிறேன்.

பக்கத்து சீட்டில் இருப்பவர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண். உள்ளங்கை நிறைய அள்ளிக்கொள்கிறார்.

“புள்ளைக்காவது பூசுங்க தங்கச்சி.”

“பூசினா மண் சரியாதாங்க?”

“எங்கக்கா தெனமும் பூசுனவதான். லயத்து வீட்டோட சேத்து மண்ணு மூடிருச்சு.”

“அப்புறம் ஏன் பூசுறீங்க?”

“வேற என்னாங்க செய்யிறது? பஸ்ஸ நானா ஓட்டுறேன்?” என்று சிரிக்கிறார்.

பஸ் நகர்கிறது. மேலிருந்து சிறு கற்கள் உருண்டு கூரையில் விழுகின்றன. அந்தப் பெண்ணின் கையிலிருந்து திருநீற்றை எடுத்து மகளின் நெற்றியில் பூசிவிடுகிறேன். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அப்படிக் கேட்கிறாள்.

பயத்தில் பூசினேன் என்றால் அவளும் பயப்படுவாள். நம்பிப் பூசினேன் என்றால் பொய். நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். இதே பாதையில்தான் திரும்ப வேண்டும்.