செம்பைக் கரைத்த தண்ணீர்

வேலை செய்த ரப்பர்த் தோட்டத்தை அதன் முதலாளிகள் விற்ற பிறகு, கமலவேணிக்கு அலோர் காஜா ஊருக்கு வெளியே ஒரு கொட்டகையில்தான் வேலை கிடைத்தது. தொழிற்சாலைகள் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் பலகைகளை உடைத்து, சூடான ஆசிட்டில் போட்டுச் செம்பும் தங்கமும் பிரிப்பார்கள். அந்தப் புகையில் அவளுக்கு ஓயாத இருமல்.

தொண்ணூற்றேழில் தினேஸ்வரன் அங்கே வேலைக்கு வந்தான். கிருமிகளைப் பற்றிப் படித்தவன். பெரிய நீல டிரம்களில் கிருமிகளை வளர்த்து, அரைத்த பலகைத் தூளைக் கொட்டினான்.

“இந்தக் கிருமி செம்பைத் தின்னுமா தம்பி?”

“தின்னாதுக்கா. அது இருக்கிற தண்ணி செம்பைக் கரைச்சிடும். பிறகு இரும்பைப் போட்டா செம்பு அதுமேல ஒட்டிக்கும். புகையே வராது. நாள்தான் பிடிக்கும்லா.”

தண்ணீர் பச்சையாக மாறியது. உள்ளே விட்ட இரும்புத் துண்டு செக்கச்செவேலென்று வெளியே வந்தபோது கமலவேணி அதைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த மாதங்களில் இருமலும் தணிந்திருந்தது.

மறுவருஷம் நாடெங்கும் பண நெருக்கடி. கொட்டகை முதலாளியான தவுக்கேயால் காத்திருக்க முடியவில்லை. பழையபடி ஆசிட் என்றார். தினேஸ்வரனை நிறுத்திவிட்டார்.

போகும்போது அவன் சொன்னான்: “டிரம் தண்ணியைச் சுண்ணாம்பு போட்டு முறிக்காம வெளியே விடக் கூடாதுக்கா. செம்பு, ஈயம் எல்லாம் அதுல இருக்கு.”

மறுநாளே அந்தத் தண்ணீரைப் பின்பக்கச் சாக்கடையில் ஊற்றச் சொன்னார் தவுக்கே. சாக்கடை செம்பனைத் தோட்டத்துக்குள் ஓடி, தோட்டத் தொழிலாளர்களின் பழைய லயத்து வீடுகள் பக்கம் போகும் ஓடையில் கலக்கும். அங்கே இன்னும் சில குடும்பங்கள் இருந்தன. அவளுடைய நாத்தனார் பெத்தம்மாளும் இருந்தாள். கமலவேணி சுண்ணாம்பு கேட்டாள்.

“நீ ஊத்தலேன்னா வேற ஆள் ஊத்துவான்,” என்று மலாயில் சொன்னார் அவர்.

கமலவேணி ஊற்றாமல் கையுறைகளைக் கழற்றி வைத்துவிட்டு லயத்துக்கு ஓடினாள். ஓடையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களைக் கரையேற்றிக்கொண்டிருக்கும்போதே தண்ணீர் நிறம் மாறியது. மீன்கள் மல்லாந்து மிதந்தன.

பெத்தம்மாள் நனைந்த துணியோடு நின்றாள். “இது நீ வேலை செய்ற இடத்துத் தண்ணிதானே அண்ணி?”

கமலவேணி ஆமாம் என்றாள்.

அதிகாரிகள் வந்து பார்த்தபோது கொட்டகை பூட்டிக் கிடந்தது. லயத்துக் கீரைப் பாத்திகள் கருகிப்போயின. கமலவேணி மஸ்ஜித் தானா ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவப் போனாள். அங்கே அடுப்புப் புகையில் இருமல் திரும்பியிருந்தது. லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்த பிறகுதான் பெத்தம்மாள் அவளோடு மறுபடி பேச ஆரம்பித்தாள்.