ஆடிய கற்களைப் பதித்தவர்

கோச்சடையில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டு முற்றத்தில், பதித்த கற்களுக்கிடையே சிமெண்ட் பெயர்ந்து, மழைநீர் சுவருக்குள் இறங்கியது. சரிசெய்ய வந்தவர் ஐம்பது வயதுப் பெண் கொத்தனார். சேலைக்கு மேல் ஆண் சட்டை, தலையில் துண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு, ஒவ்வொரு கல்லையும் குதிகாலால் அழுத்திப் பார்த்தார்.

“இடுக்குல மட்டும் பூசினாப் போதாதாக்கா?” என்றேன்.

“பத்தாது தம்பி. அடியில மணலு கம்மி. கல்லத் தூக்கித்தான் பதிக்கணும்.”

“தூக்காமலே எப்படித் தெரியும்?”

“இது பதிக்கையில நான்தான் சித்தாளு. மணலு பத்தாதுன்னு அப்பவே சொன்னேன். ‘நீ சட்டியத் தூக்கு’ன்னுட்டாரு கொத்தனாரு.”

சிரித்தபடிதான் சொன்னார்.

வேலை முடிந்து சிமெண்ட் இறுகியதும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். ஒரு சொட்டுகூடச் சுவர்ப்பக்கம் போகவில்லை. அதைப் பார்க்க, அன்று அவரைச் சட்டி தூக்கச் சொன்ன கொத்தனார் இல்லையே என்று எனக்குத்தான் ஆதங்கம். அந்த அக்கா அதற்குள் அடுத்த வேலைக்குக் கிளம்பியிருந்தார்.