அந்தப் பாடகியைப் பற்றிய மூன்று கேள்விகள்

சித்தியிடம் எல்லாரும் கேட்ட கேள்விகள் மூன்றுதான். அந்தப் பாடகி எப்படிப் பாடக் கற்றுக்கொண்டார்? கல்யாணம் ஆகிவிட்டதா? இப்போதெல்லாம் ஏன் பாடுவதில்லை?

அந்தப் புகழ்பெற்ற பாடகியைச் சித்தி ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் வாரமெல்லாம் சுவிட்சுகளுக்குப் பாகம் பூட்டிவிட்டு, விடுமுறை நாட்களில் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் பாடினாள். அந்தப் பாடகியின் உருக்கமான பாட்டுகள் எல்லாம் மேடையில் சித்திக்குத்தான். குரல் அப்படியே அவருடையதுபோல் இருந்ததால், அவர் சேதியும் சித்திக்குத் தெரிந்திருக்கும் என்று ஜனங்கள் நம்பினார்கள்.

"தெரியாதுன்னு மட்டும் சொல்லாதம்மா. பாவம், ஆசையா கேக்குறாங்கோ" என்று ஆர்கெஸ்ட்ரா மாஸ்டர் சொல்லிவைத்திருந்தார். அதனால் சித்தி சொன்னாள். எந்த மேடைக்குப் போனாலும் அதே பதில்கள். துணைக்குப் போய்வந்த எனக்கு அவை வாய்ப்பாடுபோல் மனப்பாடம்.

தொழிற்சாலை வாசலில் அப்பாவுக்குச் சாப்பாட்டுக் கேரியரோடு காத்திருந்த நாட்களில், டீக்கடை ரேடியோவைக் கேட்டே கற்றுக்கொண்டார். கல்யாணம் ஆனது, முதல் ஆடிக்கு அம்மா வீட்டுக்கு அழைத்துவந்தார்கள், ஆடி முடிந்தும் கூட்டிப்போகப் புருஷன் வரவில்லை. மூன்றாவது கேள்விக்கு ஒரே சொல்: அலுப்பு. ஒரு அலுவலகத்தின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் எனக்கு, நாள் முழுக்க ஒரே பதிலைப் பலருக்குச் சொல்லிவிட்டு வீடு திரும்பும்போது அந்தச் சொல் இப்போது நன்றாகப் புரிகிறது.

சித்தி எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில்தான் இருந்தாள். தையல் மிஷின் ஏன் நம் வீட்டில் இருக்கிறது என்று கேட்காததுபோல், அதையும் நான் கேட்டதில்லை.

குமணன்சாவடி பக்கம் ஒரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றிய நாள். மேடையில் மைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். சித்தியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து வழக்கம்போலக் கேட்க, அவள் இரண்டாவது பதிலைச் சொல்லி முடித்தாள். பின்னால் நின்றிருந்த கேசட் கடைக்காரர் சிரித்தார்.

"இன்னாம்மா, ரீல் உட்டுகினு கீறே? அந்தம்மா ஊட்டுக்காரர் குத்துக்கல்லாட்டம் கீறாரு. ரெண்டு பேரும் சேந்து நிக்கிற போட்டோ பத்திரிகைல வந்துக்குது."

"அதான பாத்தேன்" என்றாள் ஒருத்தி. "அம்மாம் நல்லா பாடுற பொம்பளைய எவனாச்சும் உட்டுட்டுப் பூடுவானா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

"சித்தி சொன்னதுதான் நெஜம். அவரு வரவே இல்ல."

"நீ பாத்தியா பாப்பா?"

நான் சித்தியைப் பார்த்தேன். அவள் பிளாஸ்க்கிலிருந்து வெந்நீரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"அண்ணாத்தே சொல்றதுதான் சரியா இருக்கும். நான் வேற யாரையோ நெனச்சிகினு சொல்லிட்டேன்" என்றாள்.

பிறகு மேடையேறி எப்போதும்போலவே பாடினாள். சிரித்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்தேன். எனக்குக் கோபம் தீரவில்லை. திரும்பும் பேருந்தில், "ஏன் சித்தி உட்டுக்குடுத்த?" என்று கேட்டேன்.

"கால் வலிக்குதுடி. எங்கனா சீட்டு காலியாவுதா பாரு."

மறுநாள், துணி மடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் நடந்ததை எல்லாம் ஒப்பித்தேன். இரண்டாவது கேள்விக்கு யார் சொன்னது சரி என்று கேட்டேன். அம்மா, மடித்த புடவையை உதறி மறுபடி மடித்தாள்.

"ஆடிக்குக் கொண்டாந்த பொட்டிய ஆவணி முடியிற வரைக்கும் பிரிக்காமலே வச்சிருந்தாங்களே, அதச் சொன்னாளா?"

"இல்லியே. கதவாண்ட வச்சிருந்தாங்களா?"

"கதவாண்டதான்" என்றாள் அம்மா. அடுத்த புடவையை எடுத்தாள்.

அம்மாவும் அந்தப் பாடகியின் பெரிய ரசிகை என்று அன்று தெரிந்துகொண்டேன். இத்தனை நாள் என்னிடம் சொல்லாமல் மறைத்துவிட்டாளே என்று கொஞ்சம் வருத்தமாக இருந்தது.