குருத்தோலைக்குப் பின்னால் சாவி

வெயில் காலம் வந்தால் மைசூரில் எல்லோருக்கும் லீவு, திருடர்களுக்கு மட்டும் கிடையாது. பள்ளிக்கூடம் மூடியதும் ஊரே சொந்தக்காரர் வீடுகளுக்குக் கிளம்பிவிடும். தெருவுக்கு நாலு வீட்டில் பூட்டுத் தொங்கும். தேவராஜ மொஹல்லாவில் குடியிருந்த ஆஸ்பத்திரி கம்பவுண்டர் பர்னபாஸுக்கு அந்த மாதங்கள் என்றாலே பயம். ஐம்பத்து மூன்றாம் வருஷம் பயம் இரட்டிப்பு. செத்துப்போன மனைவி டோரதியின் இரட்டைவடச் சங்கிலி டிரங்குப் பெட்டியில் இருந்தது. மகள் சகாயமேரியின் கல்யாணத்துக்கு இருந்த ஒரே நகை அதுதான்.

மே மாதம் மாப்பிள்ளை வீட்டார் தங்கள் ஊரான கௌதள்ளிக்கு அழைத்தார்கள். பர்னபாஸ் ஜன்னல்களுக்குக் குறுக்குக் கட்டை அடித்தார், புதுப் பூட்டு வாங்கினார். இவ்வளவும் செய்த மனுஷன் சாவியை எங்கே வைத்தார்? பஸ் நெரிசலில் தொலைந்துவிடும் என்று, நிலைக்கு மேலே செருகியிருந்த குருத்தோலைச் சிலுவைக்குப் பின்னால் வைத்தார். குருத்து ஞாயிறன்று மந்திரித்த ஓலை வீட்டைக் காக்குமாம். அந்தப் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் பாதிச் சாவிகள் அங்கேதான் இருந்தன, அது அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

எதிர்வீட்டில் பூக்கட்டி விற்கும் மாதம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிழக்கே ஹனூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரி.

"நீங்க போய்ட்டு வாங்க கம்பவுண்டரய்யா. நான் இங்கதான உக்காந்து பூக் கட்டறேன், ஒரு கண்ணு வெச்சுக்கறனுங்க."

மூன்றாம் நாள் திரும்பினார்கள். பூட்டு பூட்டியபடி, சாவி வைத்தபடி. பெட்டியில் சங்கிலி மட்டும் இல்லை.

தம்பி வால்டர் ஓடி வந்தான். கோயில் பாட்டுக்குழுவில் பாடுகிறவன், நல்ல குரல். "சாவி வச்சத யார் பாத்தா அண்ணா?" என்றான். மாதம்மா பார்த்தாள். பர்னபாஸ் போலீசிலும் அதைத்தான் சொன்னார். அவர் பொய் பேசாதவர்; அன்றும் பொய் பேசவில்லை. மாதம்மாவைக் கூட்டிப்போய் இரண்டு நாள் வைத்திருந்து, ஒன்றும் கிடைக்காமல் விட்டார்கள். வந்தவளின் விரல்கள் வீங்கியிருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு நாரைக்கூடப் பிடிக்க முடியவில்லை. மார்க்கெட்டில் பெயரும் போயிற்று.

அன்று சாயங்காலம் சகாயமேரி ஸ்டூலில் ஏறி ஓலையை எடுத்துப் பார்த்தாள்.

"அப்பா, இது நீங்க முடைஞ்சதில்ல."

சிலுவையின் அடியில் இரண்டு முடிச்சு. பர்னபாஸ் ஒரு முடிச்சுதான் போடுவார். இரண்டு போடுகிறவன் வால்டர், சின்ன வயசிலிருந்தே அப்படி. சாவியை இழுத்ததும் அவிழ்ந்த ஓலையை நனைத்து, பொறுமையாகத் திரும்ப முடைந்து செருகியிருக்கிறான். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

"போலீஸ்ல போய்ச் சொல்லுங்கப்பா. பாவம், மாதம்மா."

"சொன்னா உன் கல்யாணம் என்னாகும்? சித்தப்பன் திருடன்னா அவங்க பொண்ணெடுப்பாங்களா?"

சகாயமேரி ஓலையைத் திரும்ப நிலைக்கு மேலே செருகினாள். அவளுக்கும் கல்யாணம் வேண்டியிருந்தது.

ஜூன் மாதம் வெறுங்கழுத்தோடு கோயிலுக்குப் போய்த் தாலி கட்டிக்கொண்டாள். பூசையில் வால்டர்தான் பாடினான். பர்னபாஸ் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே இரண்டையும் பங்கு வைத்தவர் அவர்தான். மழை பிடித்ததும் மாதம்மா போய்விட்டாள். பூட்டு வாங்க வழியில்லாமல், பூக்கட்டும் வாழைநாரால் கதவைக் கட்டிவிட்டுப் போனாள். எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியாது.

மறுவருஷம் விபூதிப் புதனுக்குச் சாம்பல் எடுக்க, பழைய குருத்தோலைகளைக் கோயிலில் கேட்டார்கள். பர்னபாஸ் அந்த இரண்டு முடிச்சுச் சிலுவையைக் கொடுத்தார். இனி ஒருவரும் பார்க்கப்போவதில்லை. சாமியார் அந்தச் சாம்பலைத்தான் அவர் நெற்றியில் பூசினார்.

வீட்டுக்கு வந்தவர் எதிர்க்கதவைப் பார்த்தார். வாழைநார் காய்ந்து, கட்டியது கட்டியபடி இருந்தது. எட்டு மாதமாக ஒரு திருடனும் அதைத் தொடவில்லை. அவளிடம் இருந்ததையெல்லாம்தான் அவர் முன்பே எடுத்துக்கொண்டாரே.