இடது கைக்கு ஒரு கத்தி

மனைவியின் வலது மணிக்கட்டு உடைந்த பிறகுதான், எங்கள் வீட்டில் உருப்படியான கத்தி ஒன்றுகூட இல்லை என்பது எனக்குத் தெரியவந்தது. அதுவரை தேவைப்படவில்லை. அரிவாள்மனையைப் போட்டுத் தரையில் உட்கார்ந்தால், பூசணிக்காயிலிருந்து புதினாக்கட்டு வரைக்கும் அதிலேயே அரிந்துவிடுவாள். பழம் நறுக்குவதற்கென்று ஒரு சின்னக் கத்தி மேசை டிராயரில் கிடந்தது. அதையும் நான் பார்சல் பிரிக்கத்தான் எடுப்பேன்.

குளியலறை வாசலில் வழுக்கி விழுந்தவள் கையை ஊன்றிவிட்டாள். ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். கட்டுப் பிரித்த பிறகும் விரல்கள் முழுதாக மடங்கவில்லை. டம்ளரைப் பிடிப்பாள், இறுக்கிப் பிடிக்க வராது. அரிவாள்மனைக்கு இரண்டு கையும் வேண்டும். காயைப் பிடித்து அலகின்மேல் அழுத்துகிற வேலையில் பாதிக்கு மேல் வலது கைதான் செய்கிறது என்பது, அது செய்யாமல் போனபோதுதான் தெரிகிறது. கத்தரிக்காய் நழுவி அடுக்களை மூலைக்கு உருண்டது. அடுத்தது எலுமிச்சம்பழம். அதன் பிறகு அரிவாள்மனையை மடக்கிப் பரணில் போடச் சொல்லிவிட்டாள்.

"இனிமே நீங்களே பொங்குங்க. நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்" என்றாள்.

ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றதுதான் என்னைப் பயமுறுத்தியது. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்ததே இல்லை. உப்பில் குறை, கடைக்காரன் எடையில் குறை, நான் வாங்கி வருகிற முருங்கைக்காயின் முற்றலில் குறை. அந்த வாய் மூடிக்கொண்டது. ஹாலில் டிவிக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். டிவி ஓடும், அவள் பார்க்க மாட்டாள். பிள்ளைகள் இருவரும் வெளியூரில். இவள் இப்படியே உட்கார்ந்துவிடுவாளோ என்ற ஒரே கவலைதான் எனக்கு அந்த மாதங்களில் இருந்தது.

தேனியில் எனக்கு மோட்டார் பம்ப் உதிரிபாகக் கடை. கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைக்கும் வாழைக்கும் தண்ணீர் இறைக்கிற மோட்டார்களெல்லாம் என் தயவில்தான் ஓடுகின்றன என்று வாய்கூசாமல் பெருமையடிப்பேன். ஆனால் ஒரு வெங்காயத்தை எந்தப் பக்கம் பிடித்து வெட்டுவது என்று தெரியாது.

முதலில் சூப்பர் மார்க்கெட்டில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிளாஸ்டிக் பிடி போட்ட கத்திகள் ஒரு அட்டையில் தொங்கியதை வாங்கி வந்தேன். இருப்பதிலேயே பெரியது சிவப்பு. மறுநாள் காலையில் சட்னிக்குத் தேங்காய் உடைக்க வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் தேங்காய் உடைக்கத் தனியாக யோசிக்க மாட்டோம். அரிவாளைத் திருப்பிப் பிடித்து, முதுகால் ஒரு போடு. என் கைக்குத் தெரிந்ததும் அதுதான். தேங்காயை உள்ளங்கையில் வைத்து, சிவப்புக் கத்தியைத் திருப்பி ஓங்கிப் போட்டேன். தேங்காய்க்கு ஒன்றும் ஆகவில்லை. அலகு கழன்று கேஸ் அடுப்புக்குப் பின்னால் போய் விழுந்தது. பிடி மட்டும் என் கையில் இருந்தது.

"ஒடஞ்சிருச்சா?" என்று ஹாலிலிருந்து கேட்டாள்.

"ஒடஞ்சிருச்சு."

"தேங்காயா, கத்தியா?"

சத்தத்தை வைத்தே கண்டுபிடித்திருக்கிறாள். மெதுவாகச் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்தச் சிரிப்புக்காக இன்னும் நாலு கத்தியை உடைக்கலாம் என்று தோன்றியது.

கழன்ற பிடிக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். இரும்பு ஒரு கட்டைவிரல் நீளத்துக்குத்தான் உள்ளே போயிருந்தது. ஷாப்ட் பாதியோடு நின்றுவிட்டால் மோட்டார் என்ன கதியாகுமோ அதே கதிதான் இதற்கும். அன்றிலிருந்து எனக்குக் கத்திப் பைத்தியம் பிடித்தது. செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். இரும்பை மடித்து மடித்து அடித்து, அலகில் மேகம் மாதிரி வரி ஓடுகிற ஜப்பான் கத்தி ஒன்று. அதன் விலைக்கு ஒரு மோட்டாரே வாங்கிவிடலாம். வெண்டைக்காய்க்கு மேகம் எதற்கு?

பஜாரில் பழக்கமான பாத்திரக் கடைக்குப் போனேன். "கறிக்கடைக்காண்ணே, வீட்டுக்கா?" என்று கேட்டுவிட்டு, பெரிய அட்டைப்பெட்டியையே என் முன்னால் கவிழ்த்தார் கடைக்காரர். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பிடியின் இரண்டு மரத்துண்டுகளுக்கும் நடுவில் இரும்பு கடைசிவரை ஓடுகிறதா என்று முதலில் பார்த்தேன். பிறகு ஆணி மழமழவென்று இழைத்திருக்கிறதா என்று. அலகு பிடியருகே அகலமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வெட்டும்போது விரல்முட்டி பலகையில் இடிக்கும். முதுகு தடித்து, கீழே வர வர மெலிய வேண்டும். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைந்த நீளம் போதும். ரொம்பக் கனமானது வேண்டாம், கை சீக்கிரம் ஓய்ந்துவிடும். பிடி மட்டும் சற்றுப் பருமனாக இருக்கட்டும் என்று தேடினேன். முழுதாக மடங்காத விரல்கள் பருமனான பிடியைப் பற்றிக்கொள்ளும் என்று எனக்கொரு கணக்கு. இதையெல்லாம் கடைக்காரரிடம் சொல்லவில்லை. எல்லாம் சேர்ந்த ஒன்று, கிலோ ஆட்டுக்கறி விலைக்குக் கீழேயே கிடைத்துவிட்டது.

கூர் போனதும் என் தவறால்தான். அடுக்களையில் கடப்பாக்கல் மேடை. அதன் மேலேயே வைத்து வெட்டினேன். ஒரு வாரத்தில் தக்காளித் தோலில் கத்தி வழுக்க ஆரம்பித்தது. கத்தியின் யோக்கியதையைத் தக்காளிதான் சொல்லும், மற்ற காயெல்லாம் முகத்தாட்சண்யம் பார்க்கும். மரம் அறுக்கிற மில்லுக்குப் போய்ப் புளியமரத்தில் ஒரு பலகை இழைத்து வாங்கினேன். ஹார்டுவேர் கடையில் ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் நைசுமான சாணைக்கல் வாங்கினேன். கல்லைத் தண்ணீரில் ஊறப்போட்டு, அடியில் ஈரத்துண்டை விரித்து, ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் தீட்டினேன். கத்தியைப் பாத்திரங்களோடு சிங்க்கில் போடுவதில்லை. வெட்டியதும் கழுவித் துடைத்து மரச்சட்டத்தில் செருகுவேன். அரிந்த காயைப் பலகையிலிருந்து ஒதுக்க, கூர்ப்பக்கத்தால் வழிக்காமல் திருப்பி முதுகால் வழிப்பேன். பலாச்சுளை எடுக்கிற அன்று முன்கூட்டியே அலகில் தேங்காயெண்ணெய் தடவிவிடுவேன், பால் ஒட்டாது. தேங்காய்க்கு அரிவாள்.

"கத்தியப் பிள்ள மாதிரி பாக்குறீக" என்றாள் மனைவி. ஒன்றும் சொல்ல மாட்டேன் என்ற விரதம் அதற்குள் பாதி முறிந்திருந்தது. நான் அரிந்த பீன்ஸ்தான் அதை முறித்தது. "இது பொரியலா, வெறகா?" என்று தட்டைத் தள்ளி வைத்தாள். அவள் கையில் பீன்ஸ் பொடிப்பொடியாக, ஒரே அளவில் விழும். அது இந்த வீட்டில் சட்டம்.

அப்போதுதான் கத்தியை அவளிடம் நீட்டினேன். பருமனான பிடியை வலது கையால் பற்றினாள். கேரட்டின்மேல் வைத்து அழுத்தினாள். கத்தி கைக்குள் திரும்பிக்கொண்டது. மறுபடியும் பிடித்தாள், மறுபடியும் திரும்பியது. என் கணக்கு தப்பு. கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு நாற்காலிக்குப் போய்விட்டாள். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது என்று சொல்ல வெட்கமொன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் கைக்குப் பயிற்சி கொடுக்கிற பெண்ணிடம் இதைச் சொன்னேன். "இடது கையில கத்தியப் பிடிங்கம்மா. வலது கை காயை அமுக்கிட்டு இருந்தாப் போதும். அதுவே ஒரு பயிற்சிதான்" என்றாள் அவள். என் மனைவி நன்றாகத் தலையாட்டினாள். ஆட்டோவில் ஏறியதும் ஆரம்பித்தாள்.

"நல்ல புள்ளதான். ஆனா பீச்சாங்கையில அரிஞ்ச காய யாரு திம்பா?"

"நான் திம்பேன்."

"நீங்க எதத்தான் திங்க மாட்டீக."

அவளுக்கு அது விளையாட்டில்லை. உத்தமபாளையத்தில் அவள் பிறந்த வீட்டில் உலையில் அரிசி போடுவதும் உப்புப் போடுவதும் வலது கையால்தான். இடது கையால் தண்ணீர்ச் செம்பை நீட்டினால்கூட வாங்க மாட்டார்கள். கழுவுகிற கை வேறு, பொங்குகிற கை வேறு. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது, ஆனால் நான் எந்தக் கையாலும் பொங்கியவன் இல்லையே. எனக்கென்ன தெரியும்? அதற்கு மேல் பேசினால் சண்டையாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

பிறகொரு நாள் செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கடைக்குப் போனவன், மதியத்துக்கு முன்னால் அதை எடுக்கத் திரும்பி வந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. அடுக்களையில் அவள் பக்கவாட்டில் தெரிந்தாள். புளியம்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். முழுதும் மடங்காத வலது கையின் கீழே ஒரு வெண்டைக்காய். இடது கையில் கத்தி. ஒரு வெட்டு, நிறுத்தம், இன்னொரு வெட்டு. எழுதிப் பழகுகிற பிள்ளைபோல உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். நான் செருப்பைக்கூட மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டேன். செல்போன் இல்லாமல்தான் அன்று வியாபாரம் நடந்தது. அதன் பிறகு வீட்டுக்கு வரும்போதெல்லாம் கேட்டிலேயே இரண்டு தடவை இருமினேன்.

ராத்திரி சாப்பாட்டில் வெண்டைக்காய் இல்லை. அரிந்ததெல்லாம் பக்கத்து வீட்டு ஆட்டுக்குப் போயிருக்கும், அது கொழுத்திருக்கும். நானும் எதையும் கேட்கவில்லை. தினமும் சமையலுக்கு அரிந்து வைப்பது நான்தான், அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். இப்படியே சில வாரம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லை ஊறப்போட்டேன். நாற்காலியிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

"இது கோணலாப் போகுது" என்றாள்.

"எது?"

"கத்திதான். நேரா எறக்குனாலும் ஒதுங்கி ஓடுது. மேல தடிசா, கீழ மெல்லிசா விழுகுது."

எனக்கு அப்படி விழுவதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அலகை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்திருந்தது. மறுபக்கம் கடையிலிருந்து வந்த மாதிரியே மங்கலாக இருந்தது. இத்தனை நாளும் என் வலது கைக்கு வாகான ஒரே பக்கத்தைத்தான் தேய்த்திருக்கிறேன். கத்தி ஒருச்சாய்ந்துவிட்டது. என் கை தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிக்கட்டிக்கொண்டதால் எனக்குத் தெரியவில்லை. எதிர்க் கையில் பிடிப்பவருக்கு அது வெளிப்பக்கமாக வழுக்கிக்கொண்டு போகும். மோட்டாரில் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த பேரிங்கைப் பத்தடி தூரத்தில் சத்தத்தை வைத்தே சொல்லுவேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறவன் நான்.

"எந்தக் கையில பிடிச்சா?" என்று நான் கேட்கவில்லை. மறுபக்கத்தைக் கல்லில் வைத்தேன். அந்தப் பக்கம் தீட்ட எனக்கு வசமே வரவில்லை, கை கோணிக்கொண்டது. அவள் போகாமல் நின்று பார்த்தாள். "இன்னும் சாச்சுப் பிடிங்க" என்று இரண்டு தடவை சொன்னாள். தீட்டி முடித்ததும் தக்காளியைக் கொண்டுவந்து பலகையில் வைத்தாள். நான் வெட்டட்டும் என்று காத்திருந்தாள். நான் கத்தியைப் பலகையில் வைத்துவிட்டுக் கல்லைக் கழுவுவதற்குப் பின்பக்கம் போனேன், ரொம்ப நேரம் கழுவினேன். திரும்பி வந்தபோது தக்காளி வட்டம் வட்டமாகக் கிடந்தது.

அதிலிருந்து நாங்கள் இருவர் மட்டும் இருக்கையில் என் முன்னாலேயே இடது கையால் அரிந்தாள். வாசலில் யார் குரல் கேட்டாலும் கத்தி பலகைக்கு வந்துவிடும், ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொள்வாள். பழகப் பழக வேகம் வந்தது. அளவும் வந்தது. ஆனால் யாரும் பார்த்துவிடக் கூடாது. எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு ஜெயமங்கலத்திலிருந்து என் தங்கை குடும்பம் வந்தது. வருஷா வருஷம் சாமி கும்பிட்டுவிட்டு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. "அவுக கோயில்ல இருந்து வாரதுக்குள்ள எல்லாத்தையும் அரிஞ்சு மூடி வச்சிரணும்" என்று விடியும்போதே சொன்னாள் மனைவி. பத்துப் பேருக்கான காய். நான் வாழைக்காயும் பூசணியும் பார்த்துக்கொண்டேன். பீன்ஸை என்னிடம் தரவில்லை.

கூட்டத்தில் பிள்ளைக்குத் தலைசுற்றியது என்று தங்கை மட்டும் பிள்ளையோடு முன்னாலேயே வந்துவிட்டாள். வாசலில் கூப்பிடவும் இல்லை, சொந்த அண்ணன் வீடுதானே. பிள்ளையைக் கட்டிலில் போட்டுவிட்டு நேராக அடுக்களைக்குள் நுழைந்தாள். பலகையில் பாதி பீன்ஸ் பொடியாகக் குவிந்திருந்தது. மீதியின்மேல் கத்தி நின்றது.

"என்ன மதினி, பீச்சாங்கையிலயா அரியுறீக?"

தங்கை கெட்ட மனசோடு கேட்கவில்லை. பார்த்ததைக் கேட்டாள். இவ்வளவு மாதமும் இந்த ஒரு கேள்வியில் போய்விடும் என்று நினைத்தேன். மனைவியின் முகம் சிவந்துவிட்டது. நான் பாய்ந்துபோய்க் கத்தியை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன்.

அவள் தரவில்லை.

"ஆமாத்தா, பீச்சாங்கைதான்" என்றாள். "நீ சோத்தாங்கையில தின்னுக்க."

தங்கை என்னைப் பார்த்தாள், பலகையைப் பார்த்தாள். பிறகு மிச்சமிருந்த பீன்ஸைத் தன் பக்கம் இழுத்து நுனி கிள்ள ஆரம்பித்தாள். மனைவி அடுத்த பிடியை எடுத்துக் கத்திக்குக் கீழே வைத்தாள். நான் நீட்டிய கையை மடக்கிக்கொண்டேன்.