சுக்கூரின் பன்னிரண்டு பாட்டில்கள்

பூச்சியின் பசியறிந்து இரை போட்ட மனிதர், சக மனிதரிடம் ஏன் கையை அடக்கவில்லை? அப்துல் சுக்கூரின் வாழ்க்கை இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டே இருந்தது.

சிறுமலையிலிருந்து குதிரைகள் சுமந்துவரும் வாழைத்தார்களைத் திண்டுக்கல் மண்டியில் இறக்குவது அவர் வேலை. சில தார்களுக்குள் உள்ளங்கை அகலத்தில் ரோமம் அடர்ந்த சிலந்தி ஒளிந்திருக்கும். மற்றவர்கள் செருப்பால் அடிப்பார்கள். அவர் ஈர்க்குச்சியால் டம்ளருக்குள் தள்ளி வீட்டுக்குக் கொண்டுபோவார்; கையால் தொட்டதில்லை. அப்படிச் செருப்பை ஓங்கிய ஒருவனின் மூக்கைத் தார் வெட்டும் கத்தியின் பிடியால் உடைத்தார். இதைக் கருணை என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

1958இல் அவரிடம் பன்னிரண்டு சிலந்திகள் இருந்தன. பாட்டிலுக்கு ஒன்று. மூடியில் ஆணித்துளை, உள்ளே ஈரமண், பதுங்க ஓட்டுச்சில்லு. எறும்பு ஏறாமலிருக்க அலமாரியின் கால்கள் தண்ணீர்க் கிண்ணங்களில் நின்றன. "நோன்பெல்லாம் நமக்குத்தான், இதுகளுக்கு வேளை தவறாமக் கரப்பான்" என்பாள் மனைவி அஜீஸுன்னிசா.

அந்த வருடப் பெருநாளுக்கு முன் சுக்கூர் மூன்று நாள் மலைக்குப் போயிருந்தார். வெள்ளையடிக்க வந்த மைத்துனன் அப்பாஸ், பாட்டில்கள் உடையுமென்று பயந்து, பன்னிரண்டு சிலந்திகளையும் ஒரே பிஸ்கட் டின்னில் கொட்டி மூடிவைத்தான்.

"மச்சான், உங்க புள்ளைகளுக்குப் பெரிய வீடாப் பாத்துக் குடுத்துட்டேன். தனித்தனியா அடைச்சு வச்சா ஏங்கிப்போகும்ல?"

மலையிலிருந்து திரும்பிய சுக்கூர் டின்னைத் திறந்தார். கிழிந்த வயிறுகள், பிய்ந்த கால்கள். உயிரோடு இருந்தது ஒன்றுதான், தின்று கொழுத்திருந்தது.

சுண்ணாம்பு வாளியைத் தூக்கி அப்பாஸின் வாயில் அடித்தார். பற்கள் தெறித்தன. விழுந்தவனை நெஞ்சில் மிதித்தார். குறுக்கே பாய்ந்த அஜீஸுன்னிசாவின் மணிக்கட்டு அடுத்த அடியில் முறிந்தது. அதன் பிறகுதான் வாளியைக் கீழே போட்டார்.

அவள் அழவில்லை. செருப்பைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள்.

"மிச்சமிருக்கிறதையும் அடிச்சுப் போடுங்க. அது உசுரோட இருந்தா, என் தம்பியோட இப்பவே போயிருவேன். திரும்பி வர மாட்டேன்."

சுக்கூர் டின்னைத் தரையில் கவிழ்த்தார். ஒரு கால் இழந்த சிலந்தி ஓடாமல் நின்றது. அவர் குனிந்து, அதன்மேல் வெறும் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். அது கடித்தது. நசுங்கிச் சாகும்வரை கையை எடுக்கவில்லை.

பத்து நாள் அந்தக் கையால் தார் தூக்க முடியவில்லை. அஜீஸுன்னிசா போகவில்லை. செருப்பு காலடியிலேயே கிடந்ததே, ஏன் வெறுங்கையால் என்று பல வருடம் கேட்டுப் பார்த்தாள்.